தோ வரேன்

ஜூன் 9, ஞாயிறு

அம்மா தெருவில் எல்லோரிடமும் “எம்மவளுக்கு மெட்ராஸ்ல வேல” என்று சொல்லி வைத்திருக்கிறாள். இது மெட்ராஸ் இல்லை. தென்காசியில் ஏறி, விடிய விடிய வந்து, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். எண்ணூர் தாண்டியதும் பெட்டி பாதி காலி. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது என் பெட்டியில் நானும், காலிக் கூடைகளின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மீன்காரம்மாக்களும்தான் இருந்தோம். இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரா என்றார்கள்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். ரப்பர் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் சொல்லித்தான் எனக்கு அங்கே லேபில் வேலை கிடைத்தது. அவர் வீட்டு மாடியில்தான் அறையும். மேலே சிமென்ட் ஷீட், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எரிந்த பிளாஸ்டிக் மாதிரி ஒரு வாடை வருகிறது. மூடினால் மூச்சு முட்டுகிறது. பாதி திறந்து வைத்திருக்கிறேன்.

அவர் மனைவி செண்பகம் மதினி சோறும் புளிக்குழம்பும் கொடுத்தனுப்பினார்கள். “வேற எதும் வேணுமா பிள்ள?” என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினேன். தண்ணீர் வேண்டியிருந்தது.

ஜூன் 10, திங்கள்

ஹெச்.ஆர். ரகோத்தமன் சார் என் சர்டிபிகேட்டை இரண்டு முறை படித்தார். “மு... முப்பி... இதை எப்படிம்மா சொல்றது?”

“முப்பிடாதி சார்.”

“சாமி பேரா?”

தலையாட்டினேன்.

“ஆதின்னு வச்சுக்கலாமா? எல்லாருக்கும் ஈஸியா இருக்கும்.”

அதற்கும் தலையாட்டினேன். அடையாள அட்டையில் ஆதி என்றே அடித்துவிட்டார்கள். ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதற்குப் பிறகுதான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்களாம்.

வண்டிகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்கிற கம்பெனி. கலந்த ரப்பரில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து, இழுத்தும் அழுத்தியும் பார்த்து எழுதி வைப்பது என் வேலை. கல்லூரியில் படித்த வேதியியலுக்கும் இதற்கும் ஒரு நூல் அளவு தொடர்பு இருக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

இரண்டு முறை ஷாம்பு போட்டும் தலைமுடியில் ரப்பர் வாடை போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ரப்பர் கலக்கும் மிஷினை இங்கே மில் என்கிறார்கள். இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சுற்றுகின்றன. நடுவில் ரப்பரைக் கொடுத்தால் தகடாக வருகிறது. பக்கத்தில் கம்ப்ரசர். யார் பேசினாலும் பாதிதான் காதில் விழும். மீதிப் பாதியை வாயசைவில் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் இந்த ஊர்ப் பேச்சு. புரியாவிட்டால் தலையாட்டிவிடுகிறேன். பெரும்பாலும் அது போதுமானதாக இருக்கிறது.

மில்லை ஓட்டுபவர் தணிகாசலம் அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். எளாவூர்ப் பக்கம். காலை ஷிப்டில் அவர் பேச்சுதான் ரேடியோ. இன்று சாம்பிள் எடுத்துப்போகக் கூப்பிட்டார். நான் லேப் வாசலில் இருந்து “இந்தா வாரேன்” என்றேன். அருகில் போனதும் கையை நீட்டினார்.

“குடு.”

“எதண்ணே?”

“நீதான இந்தான்ன. இன்னாத்த குடுக்கப் போறே, குடு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. “எங்க ஊர்ல ஒடனே வாரேன்னு சொல்லதுக்கு...”

“அத்த இங்க தோன்னு சொல்லணும். தோ வரேன். எங்க, சொல்லு பாக்கலாம்.”

வாய் வரவில்லை. “உடுப்பா, பொண்ணு அழுதுரப் போவுது” என்று யாரோ சொன்னார்கள். அவர் பெரிய துண்டாக ஒரு சாம்பிள் வெட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நாள் முழுவதும் அந்த ‘தோ’ காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் “தோ கீது பாரு” என்கிறார். ஷேர் ஆட்டோக்காரர் “தோ, எடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் நிற்கிறார். கிளம்புகிறவர்கள் வெறும் ‘வரேன்’ சொல்கிறார்கள். திரும்பி வரப்போகிறவர்கள் முன்னால் ஒரு ‘தோ’ போடுகிறார்கள். பல சமயம் அது ஒரு சொல்லாகக்கூட இல்லை, நாக்கு பல்லில் பட்டு விலகுகிற சத்தம். இங்கேயே பிறந்தவர்களுக்கு அது கேட்கவே கேட்காது என்று நினைக்கிறேன்.

அறைக்கு வந்து சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். தோ வரேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஜூன் 19, புதன்

அம்மா போன். அவள் பீடி சுற்றிக் கொடுக்கிற கடையில் அட்வான்ஸ் கேட்டால் கொடுப்பதற்கு முன் “ஒம்மவ மெட்ராஸ்ல இருக்காள்லா” என்கிறார்களாம். அவளுக்கு அதில் பெருமை.

“ஆவுடையப்பன் நல்லா பாத்துக்கிடுதானாட்டி?”

“நல்லா பாத்துக்கிடுதாவம்மா.”

உண்மைதான். ரகோத்தமன் சாரிடம் அண்ணாச்சி “எந்தங்கச்சி மாதிரி சார், நான் பொறுப்பு” என்று சொன்னதை நானே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கீழேதான் சாப்பாடு. அவர்கள் மகள் ஆறாம் வகுப்பு. என்னைப் பார்த்தால் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

ஜூன் 25, செவ்வாய்

மில்லில் ஒரு விபத்து. தணிகாசலம் அண்ணனுக்கு வலது கையில் அடி. இரண்டு விரல்கள் என்கிறார்கள். மூன்று என்றும் சொல்கிறார்கள். ஷிப்ட் மாறும் நேரம். மில் நின்றிருந்தது. அண்ணாச்சி வந்து பச்சைப் பட்டனை அழுத்தினார். தணிகாசலம் அண்ணன் பின்பக்கம் குனிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

நான் லேபில் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 26, புதன்

துப்பட்டாவை மூன்று முறை துவைத்துவிட்டேன். ஓரத்தில் இன்னும் பழுப்பாக இருக்கிறது. நாலாவது முறை ஊறவைத்திருக்கிறேன்.

ஜூன் 27, வியாழன்

ரகோத்தமன் சார் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை. பற்கள் தந்தியடித்தன.

“நீதான அவர் கையில துணி கட்டுனது?”

தலையாட்டினேன்.

“அப்ப மில் பக்கத்துலதான் இருந்திருக்க.”

சாம்பிள் வாங்கப் போயிருந்தேன் என்றேன். நேற்று முன்தினம் இந்த நோட்டில் லேப் என்று எழுதியிருக்கிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். சங்கு ஊதியதும் தணிகாசலம் ‘வரேன்’ என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ஆவுடையப்பன் அதைக் கேட்டார். கிளம்பியவர் பிறகு யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்து மிஷினில் கை வைத்திருக்கிறார். அப்படியென்றால் அது வேலை நேரத்து விபத்து ஆகாது. கம்பெனி பொறுப்பு ஆகாது.

“அவர் வரேன்னு சொன்னதை நீயும் கேட்டதா ஆவுடையப்பன் சொல்றாரு.”

“சத்தமா இருந்துச்சு சார்.”

“வரேன்னு சொன்னாரா, சொல்லலையா?”

“வரேன்னு... சொன்னாரு சார்.”

“அவ்ளோதான் வேணும். அடுத்த வியாழக்கிழமை வக்கீல் வருவாரு. இதையே அங்க வந்து சொல்லு.”

வெளியே வந்ததும் வெயில் இதமாக இருந்தது. பொய் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 29, சனி

மதினி கூப்பிட்டதால் கீழே சாப்பிட்டேன். அண்ணாச்சி தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகத் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

“திங்கியளா, இல்ல தட்டுல கோலம் போடுதியளா?” என்றார் மதினி.

“பசிக்கல.”

“வேணும்னா செஞ்சிய? அவன் கெளம்புதேன்னு சொல்லிட்டு வந்து கைய வுட்டா அதுக்கு நீங்க என்ன செய்ய? இந்தா, இந்தப் பிள்ளையும் அங்கனதான நின்னிருக்கு. என்ன பிள்ள?”

ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

லேபில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் போனேன். மறுபடி அதே மின்சார ரயில், எதிர்த் திசையில். ரயிலில் எல்லோரும் பொரி சாப்பிட்டார்கள்.

தணிகாசலம் அண்ணனின் கை தலையணை மாதிரிக் கட்டியிருந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன. மூன்றாவதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“உன் துணிய வீணாக்கிட்டேன்மா.”

அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, கணீர்க் குரல். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

“கெளம்பிப் போன ஆளு திரும்பி வந்து கைய உட்டாராம். எழுதி வச்சிக்கீறானுங்க. வேல நேரத்துல அடிபட்டா ஒண்ணு, அப்பால அடிபட்டா ஒண்ணாம். இன்சூரன்ஸும் கெடையாது, மறுபடி வேலையும் கெடையாது. நீ இன்னா சொல்லிட்டு நவுந்தன்னு கேட்டா இவுரு முழிக்கிறாரு.”

“ஞாபகம் இல்லமே. உருளையில ரப்பர் ஒட்டிக்கினு இருந்துச்சு. சொரண்டி வுட்டுட்டு அடுத்த ஆளாண்ட ஒப்படைக்கலாம்னு நெனச்சேன். சொரண்டுற கத்திய எடுக்கப் போனேன். இன்னா சொன்னேன்னு யாரு கணக்கு வச்சிக்கினா? வாயில இன்னா வந்துச்சோ அத்தச் சொல்லிருப்பேன்.”

“சொல்லாமலேகூட போயிருப்ப நீ.”

“சொன்னேன். எதுவோ சொன்னேன்.”

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துளி துளியாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 1, திங்கள்

அம்மாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் இல்லை. ஒருவருக்கு அடிபட்டுவிட்டது, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும்.

“யாருக்கு எதிரா?”

“எதிரான்னு இல்லம்மா. அண்ணாச்சிதான் மிஷின் போட்டது.”

பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் நின்றது.

“நீ ஆவுடையப்பன் சோத்தத் திங்க. அவன் வீட்டுல படுத்து எந்திக்க. பொம்பளப் பிள்ள, ஊரு தெரியாத எடம். ஒனக்கு எதும் கேக்கலன்னு சொல்லிட்டு வந்துரு.”

“சரிம்மா.”

“சரின்னு வாய்தான் சொல்லுது.”

ஜூலை 2, செவ்வாய்

இழுவைச் சோதனையில் ஒரே ரப்பருக்கு மூன்று முறை மூன்று அளவு வந்தது. மிஷினில் தவறில்லை. நான்தான் சரியாகக் கவ்விக் கொடுக்கவில்லை.

ஜூலை 3, புதன்

நாளை விசாரணை. ஒரு முறையாவது நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் சொல்ல வரும் என்று இல்லை. எழுதாவிட்டால் சொல்லவே வராது.

நான் சாம்பிளுக்காக மில்லின் முன்பக்கம் நின்றிருந்தேன். இரண்டு மணிச் சங்கு ஊதியது. தணிகாசலம் அண்ணன் மில்லை நிறுத்தினார். எனக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வரேன், வரேன்ப்பா, வரேம்மா. நாலு பக்கமும் அதே சொல். அண்ணன் உருளையைத் தடவிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பிறகு சுரண்டும் கத்தி இருக்கிற அலமாரிப் பக்கம் நடந்துகொண்டே, திரும்பாமல், “தோ வரேன்” என்றார்.

தோ வரேன். மற்ற எல்லா வரேன்களுக்கும் நடுவில் அது ஒன்றுதான் அப்படி இருந்தது. எனக்குக் கேட்டது. சங்கு நின்ற பிறகு, கம்ப்ரசர் ஒரு மூச்சு விட்டு அடங்குகிற இடைவெளியில் கேட்டது. இந்த ஊர்க்காரியாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். அந்தச் சத்தத்தை முதல் வாரத்திலிருந்தே நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சி கேபினில் இருந்து வேகமாக வந்தார். அவசரச் சரக்கு, லாரி நிற்கிறது. கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நின்ற மில்லைப் பார்த்தார். என்னவோ சொன்னார். பிறகு பட்டனை அழுத்தினார்.

இவ்வளவுதான்.

ஜூலை 4, வியாழன்

கான்பரன்ஸ் அறை. நீள மேசை. வக்கீல் வெளியிலிருந்து வந்தவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் தட்டச்சு செய்கிறவர். ஒரு ஓரத்தில் ரகோத்தமன் சார், இன்னொரு ஓரத்தில் அண்ணாச்சி. தணிகாசலம் அண்ணன் சார்பில் அஞ்சலாட்சி அக்கா வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கணீர்க் குரல் இல்லாமல் அவர்களைப் பார்ப்பதற்கு வேறு யாரோ மாதிரி இருந்தது.

என்னிடம் வக்கீல் நாலைந்து கேள்விகள்தான் கேட்டார். “போகும்போது அவர் வரேன்னு சொன்னாரா?” தலையாட்டினேன். “வாயால சொல்லும்மா, டைப் பண்ணணும்.” சொன்னாரு சார் என்றேன். பிறகு தட்டச்சு செய்தவர் படித்துக் காட்டினார்.

“சங்கு ஒலித்த பின் திரு. தணிகாசலம் ‘நான் வருகிறேன்’ என்று கூறி விடைபெற்றுச் சென்றதை நான் நேரில் கேட்டேன்.”

“கையெழுத்துப் போடும்மா” என்றார் ரகோத்தமன் சார்.

பேனாவைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்தேன். அந்த ‘விடைபெற்று’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தொழிற்சாலையில் யார் விடைபெற்றார்கள்?

“விடைபெறல சார்.”

“என்ன?”

“அவங்க... அவங்க தோன்னு சொன்னாங்க.”

“கொஞ்சம் சத்தமாப் பேசும்மா.”

“தோ வரேன்னு சொன்னாங்க.” என் குரல் எனக்கே கிறீச்சென்று இருந்தது.

வக்கீல் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “வரேன், தோ வரேன், ரெண்டும் ஒண்ணுதானம்மா.”

“இல்ல சார். வரேன்னா கெளம்புறாங்க. தோ வரேன்னா கெளம்பல. இங்கயேதான் இருக்காங்க.”

“பேச்சு வழக்கு எல்லாத்தையும் அப்படியே போட முடியாது.”

“அப்படியே போடுங்க சார். இல்லன்னா எனக்குக் கையெழுத்துப் போட வராது.”

‘போட மாட்டேன்’ என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் ‘வராது’ என்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள்.

வக்கீல் நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். “சரி. அவர் போகலைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப சூப்பர்வைசர் மிஷின் போடும்போது நீ ஏன் சொல்லலை? அவர் உன்கிட்ட எதுவும் கேட்டாரா?”

பேனா மூடியை மாட்டினேன், மறுபடி கழற்றினேன்.

அண்ணாச்சிதான் பேசினார். தலையைத் தூக்காமல். “நான் அந்தப் பிள்ளைட்ட எதும் கேக்கல சார். கேட்டிருந்தா சொல்லியிருக்கும். நான் பாட்டுக்கு வந்தேன், போட்டேன்.”

அதையும் தட்டச்சு செய்தார்கள். என் தாளில் ‘தோ வரேன்’ என்று மேற்கோள் குறிக்குள் மாற்றி அடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். முப்பிடாதி என்று முழுப் பெயர்.

அண்ணாச்சி சொன்னதை மட்டும் நான் திருத்தவில்லை.

ஜூலை 5, வெள்ளி

கீழ்வீட்டுக் கதவு காலையில் நான் இறங்கும்போது மூடியிருந்தது. மாலையிலும். கணக்கு நோட்டு வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் இரண்டு பேர் குறைவாக இருந்தார்கள். மில் பக்கம் போனபோது தெரியாத ஒரு அண்ணன் “இன்னா ஆதி, சாப்ட்டியா?” என்று கேட்டார். எது எனக்கு அதிகப் பயம் தருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

வேலை நேரத்து விபத்து என்று முடிவாகிவிட்டதாம். தணிகாசலம் அண்ணனுக்குச் சேர வேண்டியது சேரும், கை ஆறியபின் வேறு பிரிவில் வேலையும் உண்டு என்றார்கள். அண்ணாச்சியைப் பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சூப்பர்வைசராக வருவாரா, சாதாரண ஷிப்ட் ஆளாக வருவாரா என்று தெரியாது.

மதினி இன்று மாடிக்கு வந்தார்கள். துணி காயப்போட வந்த மாதிரி வந்தார்கள், கையில் துணி இல்லை. “மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்க பிள்ள” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

மாடிப்படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பனியனும் சாரமுமாக. இந்த நேரத்தில் அவரை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. விலகி வழிவிட்டவர், பிறகு கேட்டார்.

“ஒண்ணு கேக்கேன். கோர்ட்டு கச்சேரி எல்லாம் முடிஞ்சி போச்சி, எனக்காகக் கேக்கேன். நெசமாவே அவன் தோன்னு சொன்னானா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்ன மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

“சொன்னாங்க அண்ணாச்சி.”

“எனக்கு வரேன்னுதான் கேட்டுச்சு. கேபின் கதவத் தொறக்கேன், வரேன்னு கேக்கு. சத்தியமா அவ்வளவுதான் கேட்டுச்சு.” இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டார். “அப்ப நாந்தான்.”

“நீங்க எங்கிட்ட கேட்டிய அண்ணாச்சி.”

“நான் கேக்கல.”

“கேட்டிய. எனக்குக் கம்ப்ரசர் சத்தத்துல வெளங்கல. வெளங்காம...”

“கேக்கலன்னு சொல்லுதேம்லா.” எழுந்துகொண்டார். “நான் சேத்துவிட்ட பிள்ள. ரெண்டு பேர் வேலையும் போவணுமா? மேல போ.”

போனேன்.

அவர் கேட்டது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. வாயசைவைப் பார்த்தேன். எப்போதும்போல் தலையாட்டினேன். அவர் பட்டனை அழுத்திய பிறகு, அந்தச் சத்தம் வந்த பிறகு, வாயசைவு மெதுவாகச் சொல்லாக மாறியது. தணிகாசலம் கெளம்பிட்டானா? அதற்குத்தான் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். தோ வரேன் என்று கேட்ட அதே நான்.

ஜூலை 14, ஞாயிறு

தணிகாசலம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். அண்ணாச்சி பார்க்கக் கிளம்பினார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீயும் வா என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மதினி கதவருகே நின்று பார்த்தார்கள்.

பஜாரில் பழக்கடை. நான் சாத்துக்குடியைக் காட்டினேன். அடிபட்டவர்களைப் பார்க்கப் போகும்போது எல்லோரும் அதைத்தானே வாங்குகிறார்கள். கடைக்காரம்மா தட்டில் போட்டார்கள். அண்ணாச்சி ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். “இது வேண்டாம். உரிக்கணும்லா” என்றார். திராட்சை வாங்கினோம். பஸ்ஸில் அந்தப் பையை யார் மடியில் வைப்பது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.

அஞ்சலாட்சி அக்கா என்னைப் பார்த்ததும் “வாம்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சியைப் பார்த்ததும் கை நின்றது. தணிகாசலம் அண்ணன்தான் “வா சார், குந்து. அந்தச் சேருக்கு ஒரு கால் கெடையாது, சுவத்தோரமா போட்டு குந்து” என்றார். அண்ணாச்சி உட்காரவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தார். எடுத்தபடியே நின்றார். தணிகாசலம் அண்ணன் இடது கையால் ஒவ்வொரு திராட்சையாகப் பறித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தப் பொண்ணு மட்டும் வாயத் தொறக்கலன்னா எங்க கதி இன்னாவாயிருக்கும்” என்றார்கள் அக்கா. “எந்தச் சாமி அனுப்பிச்சிதோ.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. சொன்னேன். அண்ணாச்சி என்னிடம் கேட்டார், நான் தலையாட்டினேன், அதனால்தான் போட்டார். மூன்று வாக்கியம். நின்றுகொண்டு சொன்னேன். அண்ணாச்சி “ஏ பிள்ள” என்று இடையில் ஒரு தடவை சொன்னார், நான் நிறுத்தவில்லை.

தணிகாசலம் அண்ணன் கையில் இருந்த திராட்சையைத் தட்டில் திரும்ப வைத்தார். கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காதான் பேசினார்கள். குரல் உயரவே இல்லை.

“அத்த ஏம்மா இங்க வந்து சொல்றே? இங்க சொன்னா யாருக்கு இன்னா? தோ நிக்கிற இந்த சாரு சம்பளம் இல்லாம வூட்டுல குந்திக்கினு கீறாரு. அங்க இல்ல சொல்லணும்.”

வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 15, திங்கள்

ரகோத்தமன் சார் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே போன் பேசிக்கொண்டிருக்கிறார். ஷிப்ட் தொடங்கியாகிவிட்டது, லேபில் தேடுவார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் நேற்றே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

“என்ன விஷயம்?” என்று கேட்பார். என்னிடம் கேட்டார்கள் சார், நான் ஆமாம் என்றேன் சார். அதைப் பதிமூன்று முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ‘ஆமாம்’ என்ற இடத்தில் தலை தானாக ஆடுகிறது. இன்று தலை ஆடினால் போதாது, டைப் பண்ணணும்.

போன் பேச்சு நின்றுவிட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் இங்கே உட்கார்ந்திருப்பதே உள்ளே யாருக்கும் தெரியாது. இப்படியே எழுந்து லேபுக்குப் போய்விடலாம்.

கதவைத் தட்டப் போகிறேன்.